இடக்கையால் எழுதப்பட்ட ஏடுகள்

எங்கள் குடியிருப்பின் தொடக்கப் பள்ளியில் ஆசிரியைகள் இடக்கையால் எழுதப் பழகியிருந்தார்கள். வலக்கையால் எழுதினால் அது ஆசிரியையின் கையெழுத்து என்று தெரிந்துவிடும். இடக்கையால் எழுதினால் எழுத்துச் சற்றே கோணி, ஏழு வயதுக் குழந்தை நாக்கைக் கடித்துக்கொண்டு கவனமாக எழுதியதைப் போல அமையும்.

மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை பெற்றோர் வந்து பிள்ளைகளின் குறிப்பேடுகளைப் பார்வையிடுவது வழக்கம். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் வீடு சென்ற பிறகு, ஆசிரியைகள் வகுப்பறையிலேயே தங்கிவிடுவார்கள். குழந்தை எழுதிய பிழையான விடையை அழிப்பானால் தேய்த்து நீக்குவார்கள். அவ்விடத்தில் சரியான விடையை இடக்கையால் எழுதுவார்கள். பக்கம் மிகவும் கெட்டிருந்தால் தாளையே கிழித்துவிடுவார்கள். இந்தப் பணிக்குப் பள்ளியில் ‘ஃபினிஷிங்’ என்று பெயர். இரண்டாம் வகுப்பு ஆசிரியை இதில் ஈடு இணையற்றவர். முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு முப்பத்திரண்டு விதமாக எழுதுவார். நம்பகத்தன்மைக்காக ஏட்டுக்கு ஒரு சிறு பிழையை அவரே வைத்து, அதை அவரே சிவப்பு மையால் திருத்தியும் விடுவார். இந்தத் திறமையில் பாதியைப் பாடம் நடத்துவதில் செலவிட்டிருந்தால் அந்த வகுப்பு எங்கேயோ போயிருக்கும்.

இவையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த ஏடுகளில் கையொப்பமிட்டவன் நான்.

கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்று, தாம்பரத்துக்குத் தெற்கே, மாடம்பாக்கத்தை ஒட்டிய இக்குடியிருப்பில் வீடு கட்டிக்கொண்டு வந்த இரண்டாம் ஆண்டு, பள்ளியின் தாளாளர் ஒரு சால்வையும் ஒரு தட்டுப் பழமுமாக வந்து நின்றார். வண்டலூர்ப் பக்கம் மனை விற்றுப் பொருள் சேர்த்தவர்; பின்னர் கல்வித் தொண்டில் இறங்கியவர். அருகருகே இருந்த இரண்டு வீடுகளை வாங்கி, இடைச்சுவரை இடித்து, முகப்பில் கரடியும் முயலும் வரைந்து, அதைப் பள்ளி என்று அழைத்தார்.

“ஐயா, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா வந்து உக்காந்தீங்கன்னா போதும். கல்வி ஆலோசகர்னு போர்டுல போட்டுக்கிறோம்” என்றார்.

ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அவர் சொன்னது எவ்வளவு துல்லியமான பணி வரையறை என்பதை நான் அப்போது உணரவில்லை. முன்கூடத்தில் எனக்கு ஒரு நாற்காலியும் மேசையும் தந்தார்கள். மேசைமேல் ஓர் உலக உருண்டை. ‘பார்வையிடப்பட்டது’ என்ற முத்திரைக் கட்டையும் மைப்பெட்டியும் உடன் வந்தன. வெள்ளிக்கிழமை மாலை மெருகேறிய ஏடுகள் என்னிடம் வரும். முத்திரை குத்திக் கையொப்பமிடுவேன்.

பள்ளியின் அன்றாடத்தை அந்த நாற்காலியிலிருந்து முழுமையாகக் காண முடிந்தது. காலை எட்டரைக்கு வேன்கள் வரும். வாயிலில் ஆயா நிற்பார். பள்ளியில் தம் வேலை இன்னதென்று ஐயமற அறிந்திருந்தவர் அவர் ஒருவரே. “ஏய், இன்னாடா, ஷூவ மாத்திப் போட்டுகினு வந்துகீற? உங்கம்மா கண்ணு எங்க கீது?” என்று கேட்டுக்கொண்டே குனிந்து சரிசெய்வார். எந்தப் பிள்ளைக்கு மூக்கில் இரத்தம் வரும், எந்தப் பிள்ளை சோற்றுடப்பாவைச் சன்னல் வழியே கவிழ்க்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தலைமையாசிரியைக்கோ பிள்ளைகளை வேன் எண்ணால்தான் தெரியும். “அந்த மூணாம் வேன் பையன்” என்பார்.

ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கியில் வாழ்த்துப் பாடல் ஒலிக்கும், பிள்ளைகள் வாயசைப்பார்கள். பிறகு வகுப்பு. சமையலறையாக இருந்த இடத்தில் மழலையர் வகுப்பு. தொட்டியும் குழாயும் அப்படியே இருந்தன. பெரிய படுக்கையறை மூன்றாம் வகுப்பு. அதன் பரணில் முந்தைய உரிமையாளரின் உடைந்த தொட்டில் ஒன்று இன்னும் கிடந்தது. தாம்பரம் விமானப் படைத் தளத்தின் பயிற்சி வானூர்திகள் நாளுக்குப் பலமுறை தாழப் பறந்து செல்லும். அவை கடக்கும்வரை பாடம் நிற்கும். நின்றதால் இழப்பு நேர்ந்ததாக நான் கண்டதில்லை.

பத்தரைக்கு இடைவேளை. அப்போது ஒவ்வோர் ஆசிரியையும் பிள்ளைகள் உண்பதைத் திறன்பேசியில் படமெடுத்துப் பெற்றோர் குழுவுக்கு அனுப்பியாக வேண்டும். படத்தில் எல்லாப் பிள்ளையும் சிரிக்க வேண்டும். சிரிக்காத பிள்ளையின் தாய் பதினைந்து மணித்துளிக்குள் தொலைபேசியில் அழைப்பாள். வாரத்தில் ஒரு நாள் வண்ண நாள். மஞ்சள் நாளன்று மஞ்சள் உடையும் வாழைப்பழமும் எலுமிச்சையுமாகப் பள்ளி முழுவதும் மஞ்சட்காமாலை கண்டாற்போல் இருக்கும். அன்று முழுவதும் படமெடுப்பு. மஞ்சள் என்னும் சொல்லை எழுதச் சொன்னால் எத்தனை பிள்ளைகள் எழுதும் என்று நான் ஒருமுறை கேட்டேன். தலைமையாசிரியை என்னைச் சற்றே இரக்கத்துடன் நோக்கி, “சார், இது ஆக்டிவிட்டி” என்றார்.

முதல் வெள்ளிக்கிழமையே நான் அனைத்தையும் புரிந்துகொண்டுவிட்டேன். நாற்பது ஆண்டு விடைத்தாள் திருத்தியவனுக்கு ஒரு கையெழுத்தின் வயது தெரியாதா? தெரிந்தும் ஓராண்டு முழுவதும் முத்திரை குத்தினேன். தாளாளரையும் தலைமையாசிரியையையும் நான் இகழும் இவ்வுரையில், அந்த ஓராண்டுக்கு என்னையும் அவ்வரிசையில் நிறுத்திவிட்டே மேலே செல்ல வேண்டும்.

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் மூன்றாம் வகுப்புக்குப் புதிய ஆசிரியை ஒருவர் வந்தார். நாற்பது வயது கடந்தவர், மெலிந்த உருவம், தாழ்ந்த குரல். முதல் வெள்ளிக்கிழமை அவர் தங்கவில்லை. வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய ஏடுகள் என் மேசைக்கு வந்தபோது திறந்து பார்த்துத் திகைத்தேன். பிழைகள் அனைத்தும் இருந்த இடத்தில் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் கரிக்கோலால் ஒரு சிறு வட்டம். அதற்குக் கீழே பிள்ளையின் கையாலேயே திருத்தம். சில இடங்களில் திருத்தமும் பிழை, அதற்கும் ஒரு வட்டம், மீண்டும் திருத்தம். ஒன்பதைந்து எவ்வளவு என்பதை ஒரு சிறுவன் நான்கு முறை முயன்று ஐந்தாம் முறை அடைந்திருந்தான். அந்தப் பள்ளியில் ஒரு குழந்தை எழுதிய ஏட்டை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

மறுநாள் அந்தச் சிறுவனின் தாய் ஏட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆசிரியையிடம் வந்தார். கூடம் நிறையப் பெற்றோர்.

“என்ன மிஸ் இது? ஒன்பதஞ்சு நாப்பத்தாறுன்னு எழுதியிருக்கான். நீங்க பாக்கவே இல்லையா?”

“பாத்தேங்க. அதான் வட்டம் போட்டிருக்கேன். கீழ அவனே சரியா எழுதியிருக்கான் பாருங்க.”

“செகண்ட் ஸ்டாண்டர்டுல ஒரு தப்பு இல்லாம எழுதினவன் மிஸ். உங்ககிட்ட வந்துதான் இப்படி ஆயிட்டான்.”

“செகண்ட் ஸ்டாண்டர்டுல அவன் எழுதலைங்க” என்றார் ஆசிரியை, குரலை உயர்த்தாமலே.

தலைமையாசிரியை விரைந்து வந்து, ஆசிரியையின் முழங்கையைப் பற்றித் தாளாளர் அறைக்குள் அழைத்துச் சென்றார். அந்த அறையின் கதவு என் மேசைக்குப் பின்னால் இருந்தது. அது என்றும் சரியாக மூடியதில்லை.

“மிஸ், ஒரு வீட்டை வாங்க வர்றவனுக்கு ஹாலைக் காட்டுவோம், பெட்ரூமைக் காட்டுவோம்” என்று தாளாளர் பொறுமையாக விளக்கினார். “செப்டிக் டேங்கைத் தொறந்தா காட்டுவோம்?”

தாளாளரே தொடர்ந்தார்.

“அடுத்த மாசம் நோட்டு சரியா இருக்கணும். இல்லைன்னா நீங்க வேற எடம் பாத்துக்கலாம். தப்பா நெனைக்காதீங்க.”

வேறு இடம் என்பது அவருக்கு இல்லை. அதை ஆயா என்னிடம் சொன்னார். ஆசிரியையின் வீடு அடுத்த தெருவில். அங்கே அவருடைய மாமியார் பக்கவாதத்தில் வீழ்ந்து கிடந்தார். பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு ஓடி, அந்த அம்மையாருக்கு உணவூட்டி, புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, ஒரு மணிக்குள் திரும்பிவிடுவார். வேறு பள்ளி என்றால் பேருந்து ஏறிச் சேலையூருக்கோ தாம்பரத்துக்கோ போக வேண்டும். நண்பகலில் வந்து திரும்புவது நடவாது.

“இந்த மிஸ்ஸு வேலை போச்சுன்னா அந்தக் கெயவி கதி இன்னா ஆவறது சார்?” என்றார் ஆயா. “நீ பெரிய மன்சன். குந்திகினு சீலு குத்திகினு கீற. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. கற்றவர்கள் உரிய நேரத்துக்குக் காத்திருப்பார்கள். அந்த நேரம் வாராதபடியும் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தாளாளர் அறையின் ஏ.சி., அதாவது அறைக் குளிர்ப்பெட்டி, பழுதாயிற்று. பள்ளி முழுவதற்கும் குளிர்ப்பெட்டி இருந்த அறை அது ஒன்றுதான். அதைச் சீர்செய்ய வந்தவர் தாம்பரம் சந்தைப் பக்கம் குளிர்ப்பெட்டி பழுது நீக்கும் கடை வைத்திருப்பவர். ஆயாவும் வேன் ஓட்டுநர்களும் அவரைப் பாய் என்றே அழைப்பார்கள். அவர் மகள் மூன்றாம் வகுப்பில் படித்தாள். வேலை முடிந்து கைகளைத் துடைத்துக்கொண்டு என் மேசையருகில் வந்தவர், தோள்பையிலிருந்து இரண்டு ஏடுகளை எடுத்து வைத்தார்.

“சார், ஒரு டவுட்டு. இது பொண்ணோட போன வருஷ நோட்டு. இது இந்த வருஷம்.”

“சொல்லுங்கள்.”

“நேத்து சும்மா போன வருஷ நோட்ட எடுத்துக் குடுத்து, படிடின்னேன். முழிக்குது. ஒரு வரி வரல. இந்த வருஷ நோட்டக் குடுத்தேன். தப்பும் தவறுமாத்தான் கீது, ஆனா கடகடன்னு படிக்கிது. இங்க தப்பு பண்ணேன், அப்பறம் மிஸ்ஸு கேட்டாங்க, அப்பறம் இப்டி மாத்துனேன்னு கதை வேற சொல்லுது.” அவர் பழைய ஏட்டைத் திறந்தார். முத்துக் கோத்தாற்போன்ற எழுத்து. பக்கத்தின் அடியில் முத்திரை. அதன்மேல் என் கையொப்பம். “இத எழுதுனது யாரு சார்?”

தம் வினாவுக்கான விடை அவருக்குத் தெரிந்தே இருந்தது. என் முகத்தைப் பார்க்கவே அவர் கேட்டார்.

“விசாரிக்கிறேன்” என்றேன். பதவியில் இருப்பவர்கள் நாணத்தை மறைக்கக் கண்டுபிடித்த சொற்களுள் அதுவே மிகப் பழமையானது.

அவர் சிரித்தார். “எங்க லைன்லயும் கீது சார். மூடியத் தொறக்காமலே சர்வீஸ் பண்ணதா கார்டுல கையெழுத்து வாங்கினு போற பசங்க. கஸ்டமர் கார்டப் பாத்து குஷியாயிடுவான். வெயில் வந்தாத்தான் தெரியும்.” ஏடுகளைப் பைக்குள் வைத்துக்கொண்டார். “அந்த மிஸ்ஸ மட்டும் அனுப்பிடாதீங்க சார்.”

அடுத்த மூன்றாம் சனிக்கிழமைக்கு முந்தைய புதன்கிழமை, தாளாளர் ஒரு கூட்டம் கூட்டினார். தாளாளர், தலைமையாசிரியை, பெற்றோர் சார்பில் ஒரு வங்கி அலுவலர், நான். அந்த அலுவலரின் மகனும் மூன்றாம் வகுப்பு. ஆசிரியை சுவரோரம் ஒரு நாற்காலியில் அமர்த்தப்பட்டார். சீர்செய்யப்பட்ட குளிர்ப்பெட்டி மிகுந்த ஊக்கத்துடன் இயங்கிக்கொண்டிருந்தது.

நான் ஓர் உரையை ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். பெற்றோர் ஏமாற்றப்படுகிறார்கள் என்பது அதன் சாரம். அதைத் தொடங்கினேன். பெற்றோருக்கு உண்மை தெரிய வேண்டும் என்று நான் சொன்ன அளவில் வங்கி அலுவலர் கையுயர்த்தி இடைமறித்தார்.

“சார், எங்களுக்குத் தெரியாதுன்னு யார் சொன்னது?”

நான் அடுத்த வரிக்குப் போகுமுன் அவரே தொடர்ந்தார்.

“வீட்டுல என் பையன் எப்படி எழுதுவான்னு எனக்குத் தெரியாதா? டீச்சர்தான் எழுதுறாங்கன்னு குரூப்ல எல்லாருக்கும் தெரியும் சார். சின்னப் பசங்க தப்புப் பண்ணுவாங்க, ஒத்துக்கிறேன். ஆனா அதை நாங்க ஏன் பாக்கணும்? நாலு பேருக்குப் படம் அனுப்புறோம். என் மச்சான் டல்லாஸ்ல இருக்கான், அவன் பையன் நோட்டை அனுப்புறான். பதிலுக்கு நான் இந்தக் கிறுக்கலையா அனுப்புறது?”

தலைமையாசிரியை வெற்றி பெற்றவர் போல என்னைப் பார்த்தார்.

நாற்பது ஆண்டுகளில் பல தரத்து அறியாமையைச் சந்தித்திருக்கிறேன். அறியாமைக்கு மருந்து உண்டு. அதை வைத்துத்தான் நானும் பிழைத்தேன். அறிந்தே பொய்யை விலைக்கு வாங்கி, அதைக் கவனமாக மடித்து மைத்துனனுக்கு அனுப்பும் இந்த இனத்துக்கு மருந்து இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஏமாற்றுபவன் ஒருவன், ஏமாறுபவன் ஒருவன் என்று நான் எண்ணியிருந்தேன். அங்கே ஏமாந்தவன் நான் ஒருவன்தான்.

“அப்படியானால் இனி நான் எந்த ஏட்டிலும் கையொப்பமிட இயலாது” என்றேன்.

“பரவால்லைங்க ஐயா” என்றார் தாளாளர், மெய்யான கனிவுடன். “சீல் இருக்குல்ல. மேடம் போட்டுக்குவாங்க. நீங்க எப்பவும் போல வாங்க, உக்காருங்க. போர்டுல பேரு இருக்கட்டும்.”

பிறகு ஆசிரியையின் பக்கம் திரும்பி, “நீங்க என்ன மிஸ் சொல்றீங்க?” என்றார்.

“நான் அழிச்சு எழுத மாட்டேன் சார்” என்றார் ஆசிரியை. “எழுதினா அந்தப் புள்ளைக்கு எது வரல, எது வந்துச்சுன்னு எனக்கே தெரியாமப் போயிடும். அடுத்த பாடம் எங்கேருந்து ஆரம்பிக்கிறது?”

கடைசியில் வங்கி அலுவலர்தான் வழி கண்டார். ஒரு கணக்கை இரண்டாகப் பிரிப்பது அவருக்கு இயல்பாக வந்திருக்க வேண்டும்.

“ரெண்டு நோட்டு வெச்சுட்டா என்ன சார்? ஒண்ணு பசங்க எழுதுறதுக்கு. ஒண்ணு நாங்க பாக்குறதுக்கு.”

தாளாளர் அதைச் சற்று நேரம் சுவைத்தார். தலைமையாசிரியை அப்போதே பெயர் வைத்துவிட்டார்: ‘ஒர்க் நோட்’, ‘டிஸ்ப்ளே நோட்’. இரண்டாவதை எழுதும் பொறுப்பு இரண்டாம் வகுப்பு ஆசிரியைக்கு அளிக்கப்பட்டது. இந்த மடமையைத் திருவிளையாடல் போலக் கொண்டாடினார்கள். ‘இரட்டைக் குறிப்பேட்டு முறை’ என்று அன்று மாலையே பெற்றோர் குழுவுக்குச் செய்தி போயிற்று. அடுத்த வாரம் வாயிற்பதாகையிலும் அது ஏறியது. அதற்குக் கீழே, கல்வி ஆலோசகர் என்று, என் பெயர்.

கூட்டம் முடிந்து தாழ்வாரத்தில் ஆசிரியையைக் கண்டேன்.

“நீங்கள் இதற்கு உடன்பட்டிருக்கக் கூடாது. இது இழிவு” என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

“சார், இன்னிக்குக் காலைல வரைக்கும் எனக்கு வேலை போயிடும்னு இருந்தேன். இப்ப வேலை இருக்கு. பசங்க தப்புத் தப்பா எழுதுறதுக்குன்னு தனியா ஒரு நோட்டும் குடுத்திருக்காங்க. அதுல யாரும் கை வைக்க மாட்டாங்க. இன்னொரு நோட்டுல என்ன எழுதுனா எனக்கென்ன?” என்றார். “நான் போகணும் சார். அத்தை காத்துக்கிட்டு இருப்பாங்க.”

அவர் படியிறங்கி அடுத்த தெருவை நோக்கி விரைந்தார்.

அந்தச் சனிக்கிழமை நானும் போனேன், முத்திரை குத்துவதற்கன்று. என் மேசையில் தலைமையாசிரியை அமர்ந்து, மைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, காட்சி ஏடுகளில் மளமளவென்று முத்திரையிட்டுக்கொண்டிருந்தார். பெற்றோர் வரிசையாக நின்று வாங்கிச் சன்னலோரம் வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்தார்கள். ஒருவர் ஏட்டின் பக்கத்தில் ஒரு ரோசாப்பூவை வைத்துப் படமெடுத்தார்.

தாழ்வாரத்தின் கோடியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒரு சிறு மேசை போட்டு, பிள்ளைகள் எழுதிய ஏடுகளை அடுக்கி வைத்திருந்தார். பார்க்க விரும்பும் பெற்றோர் பார்க்கலாம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். அருகில் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல். குளிர்ப்பெட்டிக் கடைக்காரர் முதலில் வந்தார். மழலையர் நாற்காலியொன்றில் முழங்கால் முகவாயைத் தொட அமர்ந்து, மகளைப் படிக்கச் சொல்லி, கடைசிப் பக்கம்வரை கேட்டுவிட்டுப் போனார். ஆசிரியை பட்டியலில் அந்தச் சிறுமியின் பெயருக்கு நேரே ஒரு கோடு இட்டார். அதன் பிறகு நெடுநேரம் எவரும் வரவில்லை.

பதினொன்றரை மணியளவில் வங்கி அலுவலர் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் அந்த மேசையருகே நின்றார். மேலாக இருந்த ஏடு அவர் மகனுடையது. திறந்தார். பிறருக்கு வந்த மடலைப் பிரித்துவிட்டவர் போல உடனே மூடினார். பிறகு மீண்டும் திறந்து, நின்றவாறே நான்கைந்து பக்கம் புரட்டினார்.

“இது அவனே எழுதுனதா?”

“ஆமா சார்.”

“இந்தக் கழித்தல்… இத யாரும் சொல்லிக் குடுக்கலையா?”

“மூணு தடவை தப்பாப் போட்டான். நாலாவது தடவை அவனே போட்டுட்டான்.”

அவர் அந்தப் பக்கத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து திறன்பேசியை எடுத்தார். எடுத்ததை மறுபடி பைக்குள் இட்டுக்கொண்டார். ஏட்டை மூடி, அடுக்கின்மேல் நேராக வைத்துவிட்டுத் திரும்பிப் போய், கூடத்து வரிசையில் நின்றார். தம் முறை வந்ததும் மகனின் காட்சி ஏட்டை வாங்கிச் சன்னலோரம் விரித்து, பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டார்.

ஆசிரியை பட்டியலில் அவர் மகனின் பெயருக்கு நேரே ஒரு கோடு இட்டார்; அன்றைய இரண்டாவது கோடு.